தேன்கரட்டில் இறங்கிய கோடு

தேன்கரடு என்ற மலையில் கரடிகள் பெரிய கூட்டமாக வாழ்ந்தன. அந்த மலையில் பூக்கள் அதிகம் இல்லை. தேனீக்களும் இல்லை. ஆனால் பாறைக்குள் தேன் இருந்தது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் அங்கே கூடு கட்டிய தேனீக்கள் விட்டுச் சென்ற தேன் அது. பாறை வெடிப்புகளின் ஆழத்தில் கறுத்துப்போய்த் தேங்கிக் கிடந்தது. கரடிகள் பாறையைக் குடைந்து துளை போடும். துளை சரியான வெடிப்பைத் தொட்டால் தேன் பொங்கி வரும். தொடாவிட்டால் இரண்டு வருஷ உழைப்பும் வீண்.

முதல் துளை போட்ட காலத்தில் மற்ற மிருகங்களும் உதவின. கருங்குரங்குகள் மண்ணை அள்ளிக் கொட்டின. காட்டுப்பன்றிகள் மலையடிவாரத்தில் காவல் நின்றன. கீழே சமவெளியில் செந்நாய்கள் திரிந்தன. பன்றிகளின் கோரைப் பற்களுக்குப் பயந்துதான் அவை மேலே ஏறவில்லை. அதனால் ஒவ்வொரு அறுவடையிலும் இந்தக் குடும்பங்களுக்கெல்லாம் பங்கு உண்டு.

எடுத்த தேனில் முதலில் துளை போடும் கரடிகள் சாப்பிடும். அடுத்து, பங்கு போகும். மிஞ்சியது மலைக்குள் இருந்த ஒரு குகையில், ஆழமான பாறைத் தொட்டியில் சேரும். அதை யாரும் தொடக்கூடாது. மழை பொய்த்த வருஷத்துக்கு அதுதான் சோறு. புதுத் துளை போடும் கரடிகளுக்கும் தேன் கிடைக்கும்வரை அதுதான் சோறு.

தொட்டிக்குக் காவல் நெட்டூசி என்ற முள்ளம்பன்றி. ஒவ்வொரு வருஷமும் பங்கு கொடுத்து முடிந்ததும், தேன் எந்த உயரத்தில் நிற்கிறதோ அங்கே குகைச் சுவரில் தன் முள்ளால் ஒரு கோடு கீறுவாள். பதினேழு கோடுகள் இருந்தன. ஒவ்வொன்றும் முந்தின கோட்டுக்கு மேலே இருந்தது. பதினேழாவது கோடு தரையிலிருந்து இருபது சாண். மலையில் எந்தத் தாய் தன் குட்டியைத் தூங்க வைத்தாலும், "தொட்டி நிறைய இருக்கு, பயப்படாதே" என்றுதான் சொல்வாள்.

பதினெட்டாவது அறுவடை முடிந்தது. நெட்டூசி குகைக்குள் போனாள். தேன் மட்டத்தில் முள்ளை வைத்தாள். கை நின்றுவிட்டது.

பழைய கோடு முள்ளுக்கு மேலே இருந்தது.

தப்பாக அளந்துவிட்டோம் என்று நினைத்தாள். இறங்கி, மறுபடி ஏறி அளந்தாள். பதினெட்டுச் சாண். எத்தனை தடவை அளந்தாலும் பதினெட்டுதான். தொட்டியில் எங்காவது விரிசல் விட்டிருக்குமோ என்று வெளிப்பக்கம் முழுக்க நக்கிப் பார்த்தாள். கல் காய்ந்துதான் இருந்தது.

சரி, ஒரு வருஷம் அப்படி ஆகும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். குறைந்த கோட்டைக் கீறிவிட்டு வந்தாள். அந்த ஒரு கோட்டை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தொன்பதாவது அறுவடை. பதினைந்து சாண்.

அன்று குகைக்குள் உட்கார்ந்து நெட்டூசி யோசித்தாள். பழைய துளைகளிலிருந்து வரும் தேன் ஐந்து வருஷமாகவே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து வருகிறது. பங்கோ வருஷத்துக்கு ஒரு குடுவை ஏறிக்கொண்டே போகிறது. இந்த இரண்டுக்கும் நடுவில் தொட்டி கரைகிறது. போன வருஷம் இரண்டு சாண் போனது. இந்த வருஷம் மூன்று. அடுத்தது நான்கு, ஐந்து, ஆறு. பதினைந்தும் தீர்ந்துவிடும்.

இன்னும் மூன்றே அறுவடை.

அவள் முதுகில் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. படிய வைக்கப் பார்த்தாள். படியவில்லை. கோடு கீறாமலே வெளியே வந்து, நேராகக் கரடிகளின் தலைவன் கருந்தோளனிடம் போனாள்.

கருந்தோளன் பெரிய உடம்புக்காரன். மலையின் பாதித் துளைகள் அவன் நகத்தால் ஆனவை. அவன் பக்கத்தில் புனுகன் என்ற புனுகுப்பூனை உட்கார்ந்திருந்தான். அறுவடை முடிந்ததும் மலை முழுக்கச் சுற்றி, "இந்த வருஷம் இத்தனை குடுவை பங்கு" என்று அறிவிப்பது புனுகனின் வேலை. அப்படி அறிவிக்கும் ஒவ்வொரு முறையும் அவனுக்கும் ஒரு குடுவை உண்டு.

நெட்டூசி எல்லாவற்றையும் சொன்னாள்.

"இது வேறு யாருக்குத் தெரியும்?" கருந்தோளன் முதலில் கேட்டது அதைத்தான்.

"எனக்கு மட்டும்தான் தலைவரே. பங்கை நிறுத்த வேண்டாம். பாதியாகக் குறைத்தால் போதும். கிழக்குச் சரிவில் புதுத் துளை ஒன்று ஆரம்பிக்கணும். இப்போதே ஆரம்பித்தால் தேன் வரும்வரை தாங்கத் தொட்டியில் இருக்கு. அடுத்த வருஷம் இருக்காது."

கருந்தோளன் எழுந்து போய்க் கீழே சமவெளியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.   அவ்வளவு பெரிய கரடி பயந்ததுதான் நெட்டூசியை இன்னும் பயமுறுத்தியது.

"பங்கைக் குறைத்தால் பன்றிகள் என்ன செய்யும், தெரியுமா?" என்றான் அவன். "தேன் தீர்ந்துபோச்சு என்று நினைக்கும். வேறு காடு பார்த்துக் கிளம்பும். அன்றைக்கே செந்நாய் மேலே வரும். இந்த மலையில் எத்தனை குட்டி இருக்கு என்று நீ எண்ணியிருக்கிறாயா?"

"எண்ணியிருக்கேன் தலைவரே. அதனால்தான் வந்தேன்."

அப்போது புனுகன் மெதுவாகத் தொண்டையைச் செருமினான்.

"தொட்டிக்கு அடியில் கொஞ்சம் கல் போட்டால் தேன் மட்டம் மேலே ஏறும்" என்றான். "கோடு பழையபடி ஏறும். மலையும் நிம்மதியாக இருக்கும். ஒரே ஒரு வருஷம். அதற்குள் ஏதாவது ஒரு துளை பொங்கிவிட்டால் கல்லை எடுத்துவிடலாம்."

"அது பொய்யில்லையா?" என்று நெட்டூசி கேட்டாள்.

"தேன் எங்கே நிற்கிறதோ அங்கேதானே நீ கோடு போடப் போகிறாய்? நீ போடும் கோட்டில் என்ன பொய்?"

நெட்டூசி கருந்தோளனைப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"உன் வளை என் குகைக்கு அடியில்தானே இருக்கு?" என்றான். "உன் இரண்டு குட்டிகளும் அங்கேதானே? என் காலடியில் இருக்கும்வரை அவற்றுக்கு ஒன்றும் ஆகாது. போய்க் கோடு போடு."

சத்தம் போட்டிருந்தால்கூட அவள் எதிர்த்துப் பேசியிருப்பாள். அவன் மெல்லச் சொன்னான். அந்த மெல்லிய குரலை அவளால் தாங்க முடியவில்லை.

மறுநாள் மதிய வெயிலில் மலை முழுதும் நிழலில் முடங்கிக் கிடந்தபோது, நான்கு கரடிகள் கற்களைச் சுமந்து வந்தன. தொட்டியின் தரையைப் பலப்படுத்துகிறோம் என்று அவற்றுக்குச் சொல்லப்பட்டிருந்தது. கல் விழ விழத் தேன் ஏறியது. இருபது சாணைத் தாண்டி இன்னொரு விரல் ஏறியதும் கருந்தோளன் கையைக் காட்டி நிறுத்தினான்.

நெட்டூசி கோடு கீறினாள்.

அன்று மாலை குரங்குகளும் பன்றிகளும் அணில்களும் வந்து சுவரைப் பார்த்தன. "பார்த்தாயா, திரும்ப ஏறிவிட்டது" என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டன. புனுகன் பங்கை இன்னொரு குடுவை கூட்டி அறிவித்தான். மலையே சந்தோஷப்பட்டது.

ஒரு வருஷம் என்று சொன்னது மூன்று வருஷம் ஆனது. புதுத் துளை ஆரம்பிக்கவில்லை. அதற்குத் தேன் ஒதுக்கினால் ஏன் எதற்கு என்று கேள்வி வரும் என்று கருந்தோளன் பயந்தான். பழைய துளைகளையே இன்னும் ஆழமாகக் குடையச் சொன்னான். ஆழத்தில் பாறைக்குள்ளிருந்து கெட்ட காற்று வந்தது. உள்ளே போன ஒரு கரடி மயங்கி விழுந்து, இழுத்து வெளியே போட்ட பிறகு அரைநாள் கண் திறக்கவில்லை. ஆனாலும் அதிகமாகத் தேன் வரவில்லை. தொட்டியில் தேன் பதினொரு சாணுக்கு இறங்கியது. பிறகு ஆறு சாணுக்கு இறங்கியது. கல் அதற்கேற்ப ஏறியது. சுவரில் கோடு மட்டும் மேலே மேலே போய்க்கொண்டிருந்தது.

நெட்டூசிக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முட்கள் எந்நேரமும் நிமிர்ந்தே நின்றன. அவள் குட்டிகள் அவளை ஒட்டிப் படுக்கப் பயந்தன.

ஒருநாள் ஓடைக்கரையில் கொப்பாயி அவளைப் பிடித்துக்கொண்டாள். கொப்பாயி கருங்குரங்குக் கூட்டத்தின் மூத்த பெண். மடியில் பிறந்து ஒரு மாதமே ஆன குட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"நெட்டூசியக்கா, உங்களுக்கு என்ன ஆச்சு? உங்க முள் படிஞ்சு நான் பார்த்தே ரொம்ப நாளாச்சு."

"ஒண்ணுமில்லை கொப்பாயி. வெயில்."

"வெயிலுக்கு முள்ளம்பன்றி முள்ளைச் சிலிர்க்காது. பயந்தால்தான் சிலிர்க்கும். செந்நாய் ஏதாவது பார்த்தீங்களா?"

"இல்லை."

"அப்போ எதுக்குப் பயம்? என்னிடம் சொல்லுங்க. நான் யாரிடமும் சொல்ல மாட்டேன்."

நெட்டூசி வாயைத் திறந்தாள். அந்த நேரம் மேலே பாறைமீது கருந்தோளன் நடந்து போனான். அவன் நிழல் ஓடையில் விழுந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"தொட்டி நிறைய இருக்கு. எனக்கு என்ன பயம்?" என்றாள்.

கொப்பாயி அதை நம்பினாள். நம்பிக்கையோடு குட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகு நெட்டூசி அங்கேயே நின்று அழுதாள்.

அந்த வருஷம் ஐப்பசி வந்தது. மழை வரவில்லை. கார்த்திகையும் போனது. அத்தி காய்க்கவில்லை. கிழங்குக் கொடி வாடிக் கல்லோடு ஒட்டியது. ஓடை ஒரு குட்டையாகி, குட்டை ஒரு சேற்றுக்குழி ஆனது. சமவெளியில் மான்கள் வேறு பக்கம் போய்விட்டன. செந்நாய்கள் போகவில்லை. அவை மலையடிவாரத்தைச் சுற்றி வந்து படுத்துக்கொண்டன. பகலிலேயே அவற்றின் சீட்டிச் சத்தம் மேலே கேட்டது. இரை தேடிக் கீழே இறங்கிய இரண்டு பன்றிகள் திரும்பி வரவில்லை. அதற்குப் பிறகு யாரும் இறங்கவில்லை.

மிருகங்கள் எல்லாம் கருந்தோளனிடம் வந்தன.

"தொட்டியைத் திறங்க தலைவரே. இதுக்குத்தானே சேர்த்து வைத்தோம்?"

மறுக்க அவனிடம் காரணம் இல்லை. தொட்டி திறந்தது. குடும்பத்துக்கு இத்தனை குடுவை என்று வழக்கமான கணக்கில் மொண்டு கொடுத்தார்கள். இருபத்திரண்டு சாண் தேன் இருக்கிறது என்று நம்பியதால் யாரும் சிக்கனமாகக் குடிக்கவில்லை. நெட்டூசி ஒவ்வொரு குடுவையும் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு குடுவைக்கும் நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் காலையில் குடுவை கீழே போனதும் ஒரு சத்தம் கேட்டது.

கரக்.

மொண்டுகொண்டிருந்தவள் கொப்பாயி. குடுவையைச் சற்றுத் தள்ளி விட்டாள். மறுபடியும் கரக். அவள் கையை விட்டுத் துழாவினாள். தேன் சொட்டச் சொட்ட ஒரு கல்லை எடுத்து வெளியே வைத்தாள். இன்னொரு கல்லை எடுத்தாள். பிறகு இன்னொன்று.

பக்கத்தில் நின்றவர்கள் குனிந்து அந்தக் கற்களைப் பார்த்தார்கள்.

"இது என்ன?" என்றாள் கொப்பாயி.  "தரை இதுக்குள் எப்படி வந்தது? இன்னும் பத்துச் சாணுக்கு மேல் இருக்கணுமே?"

பின்னால் நின்றவர்கள் என்ன நடக்கிறது என்று தெரியாமல் முன்னால் தள்ளினார்கள். "தேன் தீர்ந்துபோச்சாம்" என்று ஒரு குரல் கேட்டது. அந்த ஒரு சொல் போதும். குகை வாயிலிருந்து கூட்டம் உள்ளே பாய்ந்தது. கிடைத்ததை அள்ளிவிட வேண்டும் என்று ஒருவர் மேல் ஒருவர் ஏறினார்கள். ஒரு அணில் காலடியில் சிக்கிக் கிரீச்சிட்டது. நிறைந்த குடுவை ஒன்று உருண்டு மண்ணோடு மண்ணாகத் தேன் கொட்டியது. கருந்தோளன் குகை மூலையில் முதுகைச் சுவரோடு சேர்த்து நின்றான். அவன் உறுமவில்லை. கண்களை மூடிக்கொண்டிருந்தான். புனுகனைத் தேடினார்கள். அவன் விடியும்போதே மேற்குச் சரிவு வழியாகப் போய்விட்டான்.

மூத்த காட்டுப்பன்றி குகை வாயிலில் நின்று சொன்னான்:

"ஏமாற்றினவங்களுக்கு நாங்க எதற்குக் காவல்? என் கூட்டம் கிளம்புது."

கீழே செந்நாய்களின் சீட்டிச் சத்தம் கேட்டது. மேலே நடக்கும் சந்தடி அவற்றுக்கும் எட்டியிருந்தது.

நெட்டூசி அப்போதுதான் அசைந்தாள். தொட்டிக்குப் போகும் வழி குறுகலானது. அவள் அந்த வழியில் போய்க் குறுக்கே நின்றாள். முதுகை விரித்தாள். எல்லா முட்களும் ஒன்றாகச் சிலிர்த்து, வழியை அடைத்தன. முன்னால் வந்த கரடி முள் குத்தி அலறிப் பின்வாங்கியது. கூட்டம் நின்றது.

"கல் போட்டது எனக்குத் தெரியும்" என்றாள் நெட்டூசி.  "மூன்று வருஷமாகத் தெரியும். அந்த மூன்று கோட்டையும் நான்தான் கீறினேன். தலைவர் சொன்னார், புனுகன் யோசனை சொன்னான். ஆனால் கீறின முள் என்னுடையது."

"கொல்லுங்கடா இவளை" என்று யாரோ கத்தினார்கள்.

"அப்புறம் கொல்லுங்க. முதலில் கேளுங்க. கல்லுக்கு இடையில் தேன் இருக்கு. கல்லையெல்லாம் எடுத்தால் மூன்று சாண் நிற்கும். பங்குக் கணக்கில் கொடுத்தால் எட்டு நாளில் தீரும். குட்டிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்களுக்கும் மட்டும் கொடுத்தால் இருபத்திரண்டு நாள் வரும். இப்படி மிதித்துக் கொட்டினால் இன்றைக்கே தீரும்."

"மூன்று சாண் என்று நீங்க சொன்னால் நாங்க நம்பணுமா?" என்றாள் கொப்பாயி. அவள் குரலில் கோபம்கூட இல்லை. "நீங்க சொன்னதைத்தானே அக்கா இத்தனை நாள் நம்பினேன்."

"நம்ப வேண்டாம். கல்லை எடுத்துவிட்டு நீயே கையை விட்டு அளந்து பார். எல்லார் முன்னாலும் சொல்லு."

கற்களை எடுத்தார்கள். அதற்கே மதியம் ஆகிவிட்டது. கடைசிக் கல் வெளியே வந்ததும் கொப்பாயி தொட்டிக்குள் இறங்கி, தேனில் கையை விட்டு, சாண் போட்டு அளந்தாள். ஒரு தடவை அளந்து, மறுபடியும் அளந்தாள். 

"மூன்று சாண்" என்றாள். "அரை விரல் கூடவே இருக்கு."

மூன்று சாண் என்பது எவ்வளவு கொஞ்சம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குகையில் பல நாளைக்குப் பிறகு ஒரு உண்மையான அளவு கேட்டது. கூச்சல் அடங்கியது. எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்தவுடன் அடுத்து என்ன செய்வது என்று யோசிக்க முடிந்தது.

மூத்த பன்றி குகை வாயிலிலிருந்து உள்ளே வந்தான். அவன் கூட்டத்திலும் ஏழு குட்டிகள் இருந்தன.

"குட்டிகளுக்கு மட்டும்தான் என்றால், என் குட்டிகளுக்கும்தானே?"

"எல்லாக் குட்டிகளுக்கும்" என்றாள் நெட்டூசி.

"அப்படியானால் காவலுக்கு நிற்கிறோம். மழை வரும்வரைக்கும். அதற்கப்புறம் இந்த மலையில் இருப்பதா வேண்டாமா என்று நாங்க முடிவு செய்வோம்."

அன்றிலிருந்து கொப்பாயிதான் அளந்து கொடுத்தாள். தினமும் சாயங்காலம் எவ்வளவு மிச்சம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். பெரியவர்கள் மரப்பட்டையை உரித்துத் தின்றார்கள். காய்ந்த வேரைச் சப்பினார்கள். தெம்பு இருந்த கரடிகள் கிழக்குச் சரிவில் புதுத் துளை குடைந்தன. கருந்தோளனும் குடைந்தான். அவனை யாரும் தலைவரே என்று கூப்பிடவில்லை.  நகம் தேய்ந்து ரத்தம் வந்தபோதும் குடைந்துகொண்டே இருந்தான். துளை பாறையைத்தான் கண்டது. தேனைக் காணவில்லை. இரண்டு வருஷத்தில் முடிகிற வேலை இருபது நாளில் முடியுமா?

பயம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வந்தது. செந்நாய்கள் இப்போது அடிவாரத்தில் இல்லை. பாதி மலையில் இருந்தன. காலையில் எழுந்தால் அவற்றின் காலடி முந்தின நாளைவிட ஒரு பாறை மேலே பதிந்திருக்கும். பன்றிகள் மெலிந்துபோயிருந்தன. அவை படுத்தால் எழுந்திருக்க முடியாது என்று நின்றுகொண்டே காவல் காத்தன.

இருபத்து நான்காம் நாள் தேன் தீர்ந்தது. கொப்பாயி தொட்டியை நாலாபக்கமும் வழித்து, விரலை ஒவ்வொரு குட்டி வாயிலும் வைத்தாள்.

அதற்குப் பிறகு ஏழு நாள் ஒன்றும் இல்லை.

ஐந்தாம் நாள் இரண்டு கிழட்டுக் கரடிகள் இறந்தன. காவல் நின்ற ஒரு பன்றி நின்றபடியே சாய்ந்தது. கொப்பாயிக்குப் பால் வற்றிவிட்டது. ஆறாம் நாள் அவள் குட்டி அவள் மடியிலேயே அசையாமல் போனது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

ஏழாம் நாள் மழை வந்தது. வானம் கறுத்து, பாறையெல்லாம் சடசடவென்று அடித்துப் பெய்தது. நிரம்பிய ஓடைகளைத் தாண்டி மேலே வர முடியாமல் செந்நாய்கள் இறங்கிப் போயின. எட்டு நாளில் புல் முளைத்தது. கிழங்குக் கொடி துளிர்த்தது. உயிர் பிழைத்தவர்கள் வெளியே வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நெட்டூசி கொப்பாயியைத் தேடிப் போனாள்.  மரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

கொப்பாயி மரத்திலிருந்து இறங்கி வந்தாள்.

"ஓடைக்கரையில் கேட்டேனே, அன்றைக்கே சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் தெரியுமா? பயந்திருப்பேன். கத்தியிருப்பேன். பிறகு பங்கைக் குறைக்கச் சொல்லியிருப்பேன். அவ்வளவுதான் அக்கா. அதைத் தாங்கியிருப்போம்."



"உங்க குட்டிகள் எப்படி இருக்கு?" என்று கொப்பாயி கேட்டாள்.

"இருக்கு" என்றாள் நெட்டூசி. அதைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது.

கொப்பாயி தலையசைத்துவிட்டு மரத்தில் ஏறிப்போனாள். அதற்குப் பிறகு இருவரும் பேசினார்கள். வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினார்கள்.

பன்றிகளில் பாதிக் குடும்பங்கள் வேறு காட்டுக்குப் போய்விட்டன. மூத்த பன்றி தன் ஏழு குட்டிகளோடு அங்கேயே தங்கினான். அடுத்த அறுவடையில் பங்கு பாதியானது. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இன்னொரு பாதி கிழக்குச் சரிவில் குடையும் கரடிகளுக்குப் போனது. அவர்களில் கருந்தோளனும் ஒருவன். தொட்டியில் சேர்ந்தது ஒரு சாண்கூட இல்லை. அதை மறைக்க யாரும் முயலவில்லை. குகை வாயில் திறந்தே கிடந்தது. யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து அளந்து பார்க்கலாம். தாய்மார்கள் குட்டிகளைத் தூங்க வைக்கும்போது பயப்படாதே என்று இப்போது சொல்வதில்லை. கொஞ்சம்தான் இருக்கு, பார்த்துச் சாப்பிடு என்கிறார்கள்.

கையிருப்பு குறைகிறது என்று முதல் நாளே சொன்னால் கூட்டம் பயந்தாலும் பிழைத்துக்கொள்ளும். பயந்து மறைத்தால் அந்தக் குறை உயிர்களைத் தின்றுதான் வெளியே வரும்.